செலக்ட் ஸ்டாரிலிருந்து அலியாஸுக்கு: ஒரு ஆர்டர் பக்கத்தை மாற்றிய விதம்

ஆர்டர்ஸ், கஸ்டமர்ஸ் என்ற இரண்டு டேபிளை ஜாயின் செய்து (இணைத்து) செலக்ட் ஸ்டார் (எல்லா ஃபீல்டையும் மொத்தமாக எடுப்பது) போட்டிருந்த பழைய பிஎச்பி பக்கம் அது, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். இரண்டு டேபிளிலும் ஐடி என்ற ஃபீல்டு உண்டு. பிடிஓவில் (பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் வழி) ஃபெட்ச்_அசோக் முறையில், அதாவது ஃபீல்டு பெயரே கீயாக இருக்கும் அரேயாக எடுத்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபீல்டு வரும்போது பின்னால் வருவதுதான் அரேயில் நிற்கும். 'விவரம் பார்' லிங்கில் ஆர்டர் எண் 4012 இருக்க வேண்டிய இடத்தில் கஸ்டமர் எண் 57 வந்து உட்கார்ந்துவிடும். எரர் எதுவும் வராது. 57-ஆம் எண்ணில் ஓர் ஆர்டர் இருந்தால் பக்கம் ஒழுங்காகவே திறக்கும், வேறு யாருடைய பில்லோடு.

முதலில் ஸ்டாரை எடுத்துவிட்டு, பக்கத்துக்குத் தேவையானதை மட்டும் வரிக்கு ஒன்றாக, அலியாஸ் (ஆஸ் என்பதற்குப் பின் வரும் மாற்றுப் பெயர்) வைத்து எழுதினோம். ஓ என்பது ஆர்டர்ஸ், சி என்பது கஸ்டமர்ஸ்:

செலக்ட்
ஓ.ஐடி ஆஸ் ஆர்டர்_ஐடி,
சி.ஐடி ஆஸ் கஸ்டமர்_ஐடி,
சி.நேம் ஆஸ் கஸ்டமர்_நேம்

ஆஸ் என்ற சொல் கட்டாயமில்லை. ஆனாலும் விடாமல் எழுதுங்கள். 'நேம், போன்' என்பதற்கு நடுவில் கமா விட்டுப்போனால், நேம் ஃபீல்டுக்கே போன் என்று அலியாஸ் வைத்ததாகிவிடும். எல்லா இடத்திலும் ஆஸ் இருந்தால், அது இல்லாத வரி பார்த்ததும் கண்ணில் படும்.

அதிகம் படுத்தியது தேதிதான். கிரியேட்டட் என்ற ஃபீல்டை டேட்_ஃபார்மட் மூலம் நாள்-மாதம்-ஆண்டு ஆக்கி, அதற்கும் கிரியேட்டட் என்றே அலியாஸ் வைத்திருந்தார்கள். வரிசைப்படுத்த ஆர்டர் பை கிரியேட்டட் என்றால் மைஎஸ்கியூஎல் அலியாஸைத்தான் முதலில் எடுக்கும். அது இப்போது வெறும் எழுத்துச்சரம். ஆகவே 01-12-2023 முன்னாலும், அதைவிடப் பழைய 02-01-2023 பின்னாலும் நிற்கும். ஒரே நாளின் சில வரிகளை வைத்து டெஸ்ட் செய்தால் இது தெரியவே தெரியாது. காட்டுவதற்கான தேதிக்கு கிரியேட்டட்_டிஸ்ப்ளே என்று வேறு பெயர் வைத்து, ஆர்டர் பையில் ஓ.கிரியேட்டட் என்று டேபிளோடு சேர்த்து எழுதியதும் சரியானது. உண்மையான ஃபீல்டின் பெயரை ஒரு கணக்கீட்டுக்கு அலியாஸாக வைக்கவே கூடாது.

வரிகளை வடிகட்டும் வேர் பகுதியில் அலியாஸ் செல்லாது. வடிகட்டும் வேளையில் செலக்ட் பட்டியல் இன்னும் கணக்கிடப்பட்டிருக்காது. சம் (கூட்டுத்தொகை) போட்ட ஆர்டர்_டோட்டலை ஹேவிங்கில் (கூட்டிய பிறகு வடிகட்டும் பகுதி) சோதிக்கலாம். மைஎஸ்கியூஎல் அங்கே அலியாஸை ஏற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் ஏற்காது, அதில் சம்மையே திரும்ப எழுத வேண்டும். கேமல் கேஸ் (orderTotal போல நடுவில் பெரிய எழுத்து வரும்) அலியாஸையும் இரட்டை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக மாற்றிவிடும். சின்ன எழுத்தில் அண்டர்ஸ்கோர் போட்ட பெயர் இரண்டிலும் மாறாமல் நிற்கும்.

கடைசி வேலை டெம்ப்ளேட், அதாவது பக்கத்தைக் காட்டும் ஃபைல். பழைய கீ (அரேயில் பழைய ஃபீல்டு பெயர்) எங்காவது மிச்சமிருந்தால் அந்த இடம் காலியாகத் தெரியுமே தவிர பக்கம் நிற்காது. பிஎச்பி 8-இல் இல்லாத கீ வார்னிங் தரும். மாற்றம் முடியும்வரை வார்னிங்கை லாகில் திறந்து வைத்து, ஆர்டரே இல்லாத கஸ்டமர் உட்பட எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.