வலைக் கொட்டகையும் சாப்பாட்டுக் கொட்டகையும்

"வலைய வச்சா சரி, வந்தவங்களுக்கு ஒரு வாய் சோறு போட்டா தப்பா தம்பி?"

அந்த அக்கா இதைக் கேட்டபோது நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இருந்தும் வேறு ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

கொட்டகை ஒன்றுதான். ஒரு பாதியில் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கான வலைகள், கயிறு, கூண்டில் வளரும் கடல்விறால் மீனுக்குத் தீவனமாகப் போடும் சூடை மீன் நிரப்பிய ஐஸ் பெட்டி. மறு பாதியில் நாலு பிளாஸ்டிக் மேசை, அடுப்பு, ஒரு அண்டா. ராமேஸ்வரம் வருகிறவர்கள் படகில் போய்க் கூண்டைப் பார்ப்பார்கள், தீவனம் வீசினால் மீன் துள்ளுவதைப் படம் பிடிப்பார்கள், கரைக்கு வந்து அந்த மீனையே வறுவலாகச் சாப்பிடுவார்கள். கூண்டு அக்காவின் வீட்டுக்காரருடையது. சாப்பாடு அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் நடத்தியது. யாரோ புகார் கொடுத்திருந்தார்கள், ஆய்வுக்குப் போனோம்.

படகு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில், லைஃப் ஜாக்கெட் இல்லாமல், குழந்தை குட்டிகளோடு ஆட்களை ஏற்றியது தப்பு. அதை எழுதியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கொட்டகைதான் சிக்கல். நாடா பிடித்துப் பார்த்தால் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் பெருகும்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, நூறு மீட்டர்கூட இல்லை. கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி அது வளர்ச்சி தடை மண்டலம். 2019 அறிவிக்கை, ஒரு சதுர கிலோமீட்டரில் 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளுக்கு அந்த மண்டலத்தை 50 மீட்டராகக் குறைத்தது. அவ்வளவு நெருக்கம் இல்லாத இதுபோன்ற ஊர்களுக்கு 200 மீட்டர்தான். அதற்குள் மீனவர்கள் வலை பின்னலாம், மீன் காயப்போடலாம், ஐஸ் உடைக்கலாம். சாப்பாட்டுக் கடை அந்தப் பட்டியலில் இல்லை.

இதைத்தான் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

கூட வந்த ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேசையை எடுக்கச் சொல்லிட்டு வலைக் கொட்டகைன்னு எழுதிடுங்க சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நான் இருந்ததை இருந்தபடி எழுதினேன். நேர்மைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறு ஆய்வு வந்தால் என் கையெழுத்துதானே மாட்டும் என்கிற பயமும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

சட்டம் வளையாதது என்று சொல்லவும் வாய் வரவில்லை. 1996 டிசம்பரில், காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். அப்புறம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகள் பதிவு வாங்கித் தொடர்ந்தன. 2023 திருத்தம் கூண்டு வளர்ப்பையும் கடற்பாசி வளர்ப்பையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் சிறை என்றிருந்ததையும் எடுத்துவிட்டு அபராதமாக்கியது. இறாலுக்காக நாடாளுமன்றம் கூடியது. வறுவலுக்காக யார் கூடுவார்கள்?

ஆனால் கொட்டகையின் பின்னால் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பனைமரத்தடியில் பேப்பர் தட்டும் தண்ணீர் பாக்கெட் உறையும் குவிந்து கிடந்தன. கழுவிய தண்ணீர் நேரே மணலில். இது ஒரு கொட்டகை. இதை விட்டால் அடுத்த சீசனில் பத்து. அதில் பாதி, மீனவர் பெயரில் வெளியூர்க்காரர் போட்டதாக இருக்கும். ஆகவே விதி சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அப்படியென்றால் விதி யாரைத் தடுக்கிறது என்று உடனே இன்னொரு யோசனை வரும். 2011 அறிவிக்கையிலேயே ரிசார்ட்டுக்கு வழி இருந்தது. 200 மீட்டருக்கு அப்பால், குறைந்தது 0.4 ஹெக்டேர் நிலம், உயரம் 9 மீட்டருக்குள், அதற்குரிய அனுமதிகள். ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலமும் ஆலோசகருக்குக் கொடுக்கப் பணமும் இருப்பவருக்கு அது கதவு. அக்காவுக்குச் சுவர்.

அக்காவுக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவரிடம் இரண்டைச் சொன்னேன். வீட்டின் அமைப்பை மாற்றாமல் மீனவர்கள் ஹோம்ஸ்டே நடத்தலாம் என்றேன். சிரித்துவிட்டார். "எங்களுக்கே படுக்க இடமில்ல, வர்றவங்கள எங்க படுக்க வைக்க?" இன்னொன்று, 2019 அறிவிக்கைப்படி கடற்கரையில் தற்காலிகக் குடில்கள்கூடப் போடலாம், உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி. அதற்கு, அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மைத் திட்டத்தின் சுற்றுலாப் பகுதியில் அந்த இடம் இருக்க வேண்டும்.

"அந்தத் திட்டத்துல நம்ம ஊரு எப்ப வரும்? யாருகிட்ட கேக்கணும்?"

அந்தத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது மனு கொடுங்கள் என்றேன். கூண்டுக்கு ஒரு அலுவலகம், கரைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. இதில் எது அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும் என்று எனக்குத் தெரியவில்லை. இதே மாவட்டத்தில் காரங்காட்டில் வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுச் சுற்றுலா நடத்துகிறது, சாப்பாடும் ஊர்ப் பெண்கள் கையால்தான். ஒரு துறை முன்னால் நின்றால் நடக்கிறது. கூண்டு மீனுக்கு முன்னால் நிற்கும் துறை டன் கணக்கைக் கேட்கும், மேசை கணக்கைக் கேட்காது.

நோட்டீஸ் போவதற்கு முன்பே அவர்களாகவே கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். கூண்டு அங்கேயேதான் இருக்கிறது, மீனை வியாபாரி எடுத்துப் போகிறார்.

அறிக்கையின் கடைசியில், இந்த ஊரைச் சுற்றுலாத் திட்டத்தில் சேர்க்கப் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். ஆய்வு அறிக்கையில் அபிப்பிராயம் எதற்கு என்று மேலதிகாரி அடித்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அடுத்த அறிக்கையிலும் அந்த மாதிரி ஒரு வரி எழுதினேன், அதையும் அடித்தார்.