விக்டரி ரிவால்வர்: எது அன்று பூட்டியது, எது பின்னால் வந்தது

மூன்று வாரங்களுக்கு முன் ஒஹையோவில் நடந்த ஒரு ஏலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் உலகப்போரில் லெண்ட்-லீஸ் ஏற்பாட்டில், அதாவது அமெரிக்கா நேச நாடுகளுக்குப் போர்த்தளவாடம் கொடுத்த திட்டத்தில், பிரிட்டனுக்குப் போன வகை இது. ஐந்து அங்குலக் குழல், .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா, வேலைப்பாடு இல்லாத வழவழப்பான வால்நட் பிடி, பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையம். "எல்லாப் பாகமும் ஒரிஜினல்" என்று விற்றவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி உண்மையா என்று பார்ப்பதில்தான் இந்த மூன்று வாரமும் போனது.

சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று விரலை விட்டு உறுதி செய்த பிறகுதான் மற்ற வேலை. முதலில் சீரியல் நம்பர்கள். இந்த மாடலில் முழு எண் பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கும், முன்னால் 'வி' என்ற எழுத்தோடு. 1942இல் பழைய வரிசை பத்து லட்சத்தைத் தொட்டதும் தொடங்கிய புது வரிசை அது. அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், எஜெக்டர் தண்டு (வெற்றுக் கூடுகளை வெளியே தள்ள அழுத்தும் தண்டு) வந்து அமரும் இடத்துக்கு மேலே குழலின் அடித்தட்டையிலும், கூடுகளைப் பிடித்து வெளியே தூக்கும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் உள்பக்கத்திலும் வரவேண்டும். பத்து மடங்கு லென்ஸும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். நாலு இடமும் ஒத்துப்போனது.

அடுத்து யோக்கைத் திறந்தேன், அதாவது சிலிண்டரைத் தாங்கி வெளியே ஆடும் கை. அது வந்து பொருந்தும் ஃபிரேம் பள்ளத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு எண். யோக்கிலும் அதே எண். வயிற்றில் புளி கரைத்தது. யோக்கை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் நிதானமாக யோசித்தபோதுதான் பொறி தட்டியது. யோக்கை மட்டும் மாற்றியிருந்தால் ஃபிரேமிலும் அதே எண் எப்படி இருக்கும்? தொழிற்சாலையில் ஒரு ஃபிரேமுக்கென்று கையால் இழைத்துப் பொருத்திய பாகங்கள் வழியில் கலந்துவிடாமல் இருக்க அடித்த எண் அது. சீரியல் நம்பருக்கும் அதற்கும் உறவில்லை. உள் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டின் உள்ளேயும் அதே எண் இருக்கவேண்டும். தகட்டைக் கழற்றியதும் இருந்தது. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல துப்பாக்கியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை நீட்டி எழுதுகிறேன்.

தகட்டைக் கழற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. திருப்புளியின் முனை ஸ்க்ரூவின் வெட்டில் இடைவெளி இல்லாமல் நிரம்ப வேண்டும். ஸ்க்ரூவெல்லாம் எடுத்த பிறகு தகட்டின் விளிம்பில் எதையும் விட்டு நெம்பக் கூடாது. பிடிச்சட்டத்தைத் திருப்புளியின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் அதிர்விலேயே தகடு மேலெழும். என்னுடையதில் ஸ்க்ரூ வெட்டுகளில் பழைய தழும்பு ஒன்றிரண்டு உண்டு, விளிம்பில் நெம்பிய தடம் இல்லை. இதற்கு முன் திறந்தவர் வேலை தெரிந்தவர்.

உள்ளே பழைய பாணி ஹாமர் தடுப்பு (டிரிக்கரை இழுக்காமல் ஹாமர் தோட்டாவில் அடித்துவிடாதபடி தடுப்பது) அப்படியே இருக்கிறது, தகட்டோடு சேர்ந்த சிறு ஸ்பிரிங் துண்டு. 1944இல் கப்பல் தளத்தில் கீழே விழுந்த ஒரு விக்டரி வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் உறுதியான புதுத் தடுப்பு வந்தது. அந்தத் துப்பாக்கிகளின் எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்தும் சேர்ந்தது. என்னுடையதில் 'எஸ்' இல்லை, உள்ளே இருப்பதும் பழைய தடுப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

இரண்டாம் வாரம் குழலும் அறைகளும். போர் முடிந்து உபரியாக விற்ற எத்தனையோ விக்டரிகளில் குழலை வெட்டிக் குட்டையாக்கினார்கள், அறைகளை .38 ஸ்பெஷல் என்ற நீளமான வேறு தோட்டாவின் அளவுக்குக் குடைந்தார்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம், குடைந்ததை யாராலும் திருப்ப முடியாது. சோதிப்பது சுலபம். .38 ஸ்பெஷலின் வெற்றுக் கூடு 1.155 அங்குல நீளம். குடையாத அறையில் அது முக்கால் அங்குலம் போனதும் நின்றுவிடும். ஆறு அறையிலும் நின்றது. குழலைச் சிலிண்டர் முகத்திலிருந்து அளந்தேன், சரியாக ஐந்து அங்குலம். முன் குறி குழலோடு ஒரே இரும்பாக இருக்கிறது, பற்றவைத்த கோடு இல்லை.

பக்கவாட்டில் பர்மிங்ஹாம் சோதனை முத்திரையும் .767 என்ற அளவும் இருக்கின்றன. போர்க்காலத்து அடையாளம் அல்ல, பிரிட்டனில் பொதுமக்களுக்கு விற்பதற்கு முன் சட்டப்படி அடித்தது. இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது இந்தத் துப்பாக்கி போய்வந்த ஊரின் தடம். அதோடு .767 என்பது .38 எஸ் அண்ட் டபிள்யூ கூட்டின் நீளம். அறை குடையப்படாமல்தான் சோதனைக்குப் போனது என்று அந்த எண்ணே சொல்கிறது.

மேற்பூச்சைப் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தேன். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய இரும்பின் மேல் பார்க்கரைசிங் (துருப்பிடிக்காமல் காக்கும் பாஸ்பேட் பூச்சு) செய்த மங்கிய சாம்பல் நிறம் இருக்கவேண்டும். பிடிப்பலகையைக் கழற்றி, மூடியிருந்த இடத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டேன். நிறம் ஒன்றே, வெளியே தேய்மானம் கூடுதல், அவ்வளவுதான். மேல்பட்டையில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி ஜி.எச்.டி.' (அமெரிக்க அரசுச் சொத்து என்ற குறியும் ராணுவ ஆய்வாளரின் பெயர்ச்சுருக்கமும்) எழுத்துகளின் ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பாலிஷ் சக்கரம் பட்டிருந்தால் முதலில் மழுங்குவது அந்த ஓரம்தான். ஹாமரிலும் டிரிக்கரிலும் கேஸ் ஹார்டனிங், அதாவது மேற்பரப்பை மட்டும் சூட்டில் கடினமாக்கும் முறை, விட்டுச்சென்ற வண்ணத் திட்டுகள் மங்கலாகத் தெரிகின்றன. முழுத் துப்பாக்கியையும் தொட்டியில் முக்கி மறுபூச்சு செய்திருந்தால் அவை இருக்காது.

ஆக, விற்றவரின் வரியில் இரண்டு இடத்தில்தான் ஓட்டை. வளையத்தைப் பிடிக்கும் குறுக்கு ஆணியின் முனை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, அது மாற்றியதாகவே படுகிறது. வலது பிடிப்பலகையின் உள்பக்க எண் இந்த ரிவால்வரின் எண் அல்ல. பலகை போர்க்காலத்து வால்நட்தான், ஆனால் ஃபிரேமின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி விடுகிறது. தொழிற்சாலை அப்படிப் பொருத்தி அனுப்பாது. படைக்கிடங்கில் பல துப்பாக்கிகளை ஒன்றாகக் கழற்றித் துடைத்தபோது மாறியிருக்கும் என்பது என் ஊகம்.

அந்தப் பலகையை மாற்றுவதாக இல்லை. எண்ணில்லாத வேறொரு பலகை கச்சிதமாகப் பொருந்தலாம், ஆனால் அதற்கும் இந்தத் துப்பாக்கிக்கும் ஒரு நாள் பழக்கம்கூட இருக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அமைப்புக்கு, தொழிற்சாலையிலிருந்து இதை அனுப்பிய தேதியும் இடமும் கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று. பலகையின் உள்ளே இருக்கும் எண்ணைத் தனி அட்டையில் எழுதி, ஏலங்களுக்குப் போகும்போது எடுத்துப்போகும் பையில் வைத்திருக்கிறேன். அந்த எண் கொண்ட விக்டரி எங்காவது கண்ணில் பட்டால், அதன் வலது பலகையைக் கழற்றிப் பார்க்கக் கேட்பேன்.