சூப்பா, சோப்பா?

சூப்பைக் கெட்டியாக்கும் கார்ன்ஃப்ளார் தீர்ந்துபோன அன்றுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி கண் விழித்தான். அலமாரியின் பின்வரிசையில், எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிய பட்டாணி ஸ்டார்ச் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

"சூப்பில் அதைப் போடாதீர்கள், பச்சை வாடை அடிக்கும்" என்றாள் மனைவி.

வாடை அடிப்பது பட்டாணி மாவு; பட்டாணியை முழுசாக அரைப்பது. இதுவோ புரதத்தையும் நார்ச்சத்தையும் பிரித்தெடுத்த பிறகு கிடைக்கும் மாவுச்சத்து என்று பாடம் நடத்தினேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெற்றி.

அந்த மிதப்பில், கொதிக்கும் காய்கறி சூப்பில் இரண்டு கரண்டி அப்படியே கொட்டினேன். நொடியில் முத்து முத்தாகக் கட்டிகள். ஒன்றைக் கரண்டியால் நசுக்கினேன். மேலே பசை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாத வெள்ளைப் பொடி. சூடு பட்டதும் மேற்பரப்பு வெந்து மூடிக்கொள்ள, உள்ளே இருப்பது தப்பித்துக்கொள்கிறது.

வடிகட்டிவிட்டு, இம்முறை பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். எனக்கா பொறுமை? நீர்த்துத் தெரிகிறதே என்று இன்னும் இரண்டு கரண்டி. சூடாகக் குடித்தவரை பழுதில்லை. மிச்சத்தைப் பாத்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் மகள் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு துளி விழவில்லை.

"அப்பா, இது சூப்பா, சோப்பா?"

பழி முழுவதும் அமைலோஸுக்கே. மாவுச்சத்தில் கிளைகள் இல்லாமல் நீளும் சங்கிலி அது. சோள ஸ்டார்ச்சில் ஏறக்குறைய கால் பங்கு; வழவழப்பான பட்டாணியில் பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம். ஆறும்போது இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. ஜெலட்டின் சேர்க்காத ஜெல்லி மிட்டாய்க்கும், கண்ணாடி போன்ற நூடுல்ஸுக்கும் பட்டாணி ஸ்டார்ச்சைத் தேடிப் போவது இதற்காகத்தான். (மரபியலின் முன்னோடி மெண்டல் 1866-இல் வெளியிட்ட ஆய்வில் வரும் சுருங்கிய பட்டாணியில் அமைலோஸ் இன்னும் அதிகம். நல்லவேளை, அது என் கையில் சிக்கவில்லை.)

சுட வைத்தால் இளகிவிடும் என்று அடுப்பில் ஏற்றினேன். கொதித்ததே தவிர இளகவில்லை. ஒருமுறை இறுகிய அமைலோஸ் சாதாரணக் கொதிநிலைக்கெல்லாம் மசியாது. கலங்கிய நீரில் கட்டிகள் மிதந்ததுதான் மிச்சம். நல்லவேளை, பாதியைத்தான் ஏற்றியிருந்தேன்.

மீதியை மனைவி பலகையில் கவிழ்த்தாள். சத்தமில்லாமல் வழுக்கி வந்து, பாத்திரத்தின் வடிவத்திலேயே உட்கார்ந்தது. கேரட் துண்டு ஒன்று பக்கவாட்டிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்து வில்லை வில்லையாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் போட்டாள். படபடவென்று தெறித்தது, இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்றோம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று.

மகள் நான்கு வில்லைகளைத் தின்றுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"நாளைக்கும் சூப் பொரிப்போமா, அப்பா?"