பூங்கா என்று எழுதிக்கொடுத்தேன்

கவுன்சிலர் அம்மாவுக்கு நான் சொன்ன பதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில்தானா என்பதில்தான் சந்தேகம்.

குப்பைக் கிடங்கை பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றி, மீட்கும் நிலத்தில், சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு வீட்டுமனை வேண்டும் என்றார். ஆலோசகரான நான் திட்ட அறிக்கையில் பூங்கா என்று எழுதியிருந்தேன். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளை எடுத்துக்காட்டினேன்: மூடிய கிடங்கை 15 ஆண்டுகள் கண்காணித்து, வாயு, கசிவுநீர், மண்ணின் உறுதி எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம்.

"பூங்காவுக்கு வருகிற பிள்ளை மண்ணில்தானே சார் விளையாடும்? வீட்டுக்கு ஆகாத மண் அதற்கு மட்டும் ஆகுமா?" என்றார். வீடு என்றால் இரவும் பகலும் அங்கேயே இருப்பார்கள் என்று ஏதோ சொன்னேன். பக்கத்தில் இருந்த பொறியாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், அந்த விதி குப்பையை உள்ளேயே வைத்து மூடிய நிலத்துக்கானது. நாங்கள் செய்வதோ அடிவரை தோண்டிச் சலித்து, எரியக்கூடியதை சிமென்ட் ஆலைக்கு அனுப்பும் வேலை. நேரடியான விதி எதுவும் கையில் இல்லாதபோது நெருங்கிய விதியைப் பிடித்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குப்பை போனாலும் பல வருடம் கீழே இறங்கிய கசிவுநீர் போய்விடாது. பேட்டரியும் டியூப் லைட்டும் கொட்டிய இடம் அது. அடிமண்ணைச் சோதிக்காமல் வீடு என்று எழுத முடியாது. சோதிக்காமல் பூங்கா என்று மட்டும் எழுதலாமா? அந்த அம்மா கேட்டதும் இதைத்தான்.

முதல் வரைவில் மண் சோதனையைச் சேர்த்திருந்தேன். "அதைச் சேர்த்தால் கோப்பு திரும்பி வரும் சார்" என்றார் பொறியாளர். 2021-இல் தொடங்கிய தூய்மை இந்தியா 2.0 திட்டத்தில் எங்கள் அளவு ஊருக்கு மத்திய அரசின் பங்கு 33 சதவீதம். கணக்கு முழுவதும் குப்பையின் டன்னில். எடைமேடை ரசீது இருந்தால் பணம் வரும். எல்லா அறிவிப்பிலும் 'நில மீட்பு' என்றுதான் இருக்கும். மீட்ட நிலத்தை என்ன செய்வது என்பதற்கு எங்கள் மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை. சோதனையை எடுத்துவிட்டேன். கோப்பு திரும்பினால் இன்னொரு கோடையிலும் கிடங்கு தீப்பிடித்து, அதே மக்கள்தான் புகையை விழுங்கியிருப்பார்கள். விளக்கக் கூட்டங்களில் தவறாமல் காட்டப்படும் இந்தூரில், 2018-இல் 13 லட்சம் டன் அகற்றி 100 ஏக்கரை மீட்ட இடத்தில்கூட மரம்தானே நட்டார்கள்?

ஆனால் எங்கள் கிடங்கின் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் இத்தனை காலமும் அதே நிலத்தடி நீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக அங்கே யாரும் விதிப்புத்தகத்தைப் புரட்டியதில்லை. நாளை பூங்கா வந்து மனை விலை ஏறினால், பட்டா இல்லாதவர்களைத்தான் முதலில் கிளப்புவார்கள். இதையெல்லாம் யோசிப்பது ஆலோசகர் வேலையா என்று கேட்டால், இல்லைதான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த அம்மாவும் கை தூக்கினார்.

இப்போது வேறொரு ஊரின் அறிக்கை கையில் இருக்கிறது. அங்கேயும் பூங்கா என்றுதான் எழுதப்போகிறேன். 15 ஆண்டு விதியை மட்டும் இந்த முறை இழுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். அதை விட்டால் வேறு என்ன காரணம் எழுதுவது என்று பிடிபடவில்லை.