பட்டியலில் முதல் பெயர்

உடற்பயிற்சியும் தியானமும் சொல்லித்தரும் மனவளக்கலை இளைஞர் வகுப்புக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தது அம்மா. பத்து நாள், காலை 5.30 மணியிலிருந்து 7.30 வரை. "போயிட்டு வா கண்ணு, உனக்கு இப்ப அதுதான் வேணும்" என்றார்.

ஏன் வேணும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு முந்தின வாரம், நூல் இறக்க வந்த வண்டிக்காரர் முன்னால் அப்பாவைப் பார்த்து, "எதுக்கு எப்பப் பாத்தாலும் கத்தறீங்க? மெதுவாப் பேசவே தெரியாதுங்களா?" என்று கத்தியிருந்தேன். மூட்டைக் கணக்கு சீட்டோடு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார், அவ்வளவுதான். பதில் பேசாமல் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடோனுக்குள் போய்விட்டார். வகுப்பு தொடங்கிய நாளில் நாங்கள் இருவரும் பேசி ஆறு நாள் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் கோவை மாவட்டம் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், எட்டு விசைத்தறி. கூலிக்குக் காடா, அதாவது சாயம் போடாத துணி, நெய்கிறோம். பாவும் (நெடுக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. அப்பா பதினாறு வயதில் தறிக்கு வந்தவர், இப்போது ஐம்பத்து மூன்று. அம்மா ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவார். நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். தறிச் சத்தம் இல்லாத பகல் ஒன்றை எங்கள் வீட்டில் நான் பார்த்தது குறைவு.

அதனால் வகுப்பு நடக்கும் மன்றத்தின் மாடிக்கு ஏறிப் போனதும் முதலில் திகைக்க வைத்தது அங்கிருந்த அமைதி. ஜமக்காளம் விரித்த நீள ஹால், சுவரில் மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷியின் படம். இருபது பேருக்கு மேல் இருந்தோம். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்கள் மூன்று பேர், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள், மற்றவர்கள் கல்லூரி. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லாரும் அவரை அம்மா என்றே கூப்பிட்டோம். வந்தாலும் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் "வாழ்க வளமுடன்". இரண்டு நாள் வாயில் வரவில்லை, மூன்றாம் நாள் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன்.

உடற்பயிற்சி எளிமையானது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப் பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், பதினான்கு இடங்களில் விரல் வைத்து அழுத்தும் அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல். வரிசை மாறக் கூடாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு பார்க்கிற எனக்குக் கண்பயிற்சிதான் பெரிய வரம். தலையை அசைக்காமல் விழியை மட்டும் இடம் வலம், மேல் கீழ் என்று ஓட்டிவிட்டு, உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து மூடிய கண்மேல் வைக்கும்போது, அந்த இருட்டில் எதுவோ இறங்கிப் போகும். உடல் தளர்த்தும்போது கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லிக்கொண்டே வருவார். தாடை என்றபோதுதான், நான் பல்லைக் கடித்துக்கொண்டே படுத்திருந்தது தெரிந்தது. எத்தனை வருடமாக அப்படிக் கடித்துக்கொண்டிருந்தேனோ.

இரண்டாம் நாள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். எனக்கு 21. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை இருக்கும் என்றார். பிறகு இடது மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல மூன்று விரலை வைத்து, நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடச் சொன்னார். "நாடி என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க சாமி."

பார்த்தேன். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருக்கி நெருக்கி வந்தன. விடும்போது ஒவ்வொன்றும் சற்றே தாமதித்து விழுந்தது. விரலுக்கு அடியில் நடக்கிற காரியம், இத்தனை வருடத்தில் ஒரு முறையும் கவனித்ததில்லை. மூச்சு வெளியேறும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று விளக்கினார். கோபம் வரும்போது "அமைதியா இரு" என்று மனசிடம் சொன்னால் அது கேட்காது, ஆனால் மூச்சை நீட்டி விட்டால் இதயம் கேட்கும் என்பது எனக்குப் பிடித்துப்போனது. இன்று வரைக்கும் இதை ஆபீசில் மேசைக்கு அடியில் கை வைத்துச் செய்கிறேன்.

மூன்றாம் நாள் தீட்சை. புருவங்களுக்கு நடுவில் விரல் நுனியால் தொட்டு, அந்த இடத்திலேயே நினைவை வைக்கச் சொன்னார். இதை ஆக்கினை தவம் என்கிறார்கள். அவர் விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குறுகுறுவென்று இருந்தது, உண்மை. அதைக் குண்டலினி என்று அவர்கள் சொல்வதை இப்போதைக்கு அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு வரவில்லை. பயிற்சி செய்தால் இன்னின்ன வியாதி போகும் என்று சிலர் எழுந்து சாட்சி சொன்னதிலும் மனம் ஒட்டவில்லை. வியாதிக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் இருபது நிமிடம் கண்ணை மூடி ஓரிடத்தில் உட்கார முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது, அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் இதை எழுதுவது ஏழாம் நாளுக்காக. தற்சோதனை வகுப்பு, அன்றைய பாடம் சினம் தவிர்த்தல். நோட்டில் ஒரு பட்டியல் போடச் சொன்னார்: யார் யார் மேல் அடிக்கடி கோபம் வருகிறது, எதற்காக வருகிறது, தப்பு யார் பக்கம். நான் யோசிக்கவே இல்லை, முதல் வரியில் "அப்பா" என்று எழுதினேன். காரணம்: கத்துகிறார். தப்பு: அவர்.

வகுப்பு அம்மா ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து, நோட்டை வாங்காமல், என்ன எழுதினோம் என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். "எல்லார்கிட்டயும் கத்துவாருங்களா, உங்ககிட்ட மட்டுமா?" என்றார். எல்லாரிடமும்தான் என்றேன். "கோவமா இருந்தா மட்டுமா?" அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்.

தவத்தில் உட்கார்ந்தபோது அந்தக் கேள்விதான் ஓடியது. அப்பா ஆட்டுக்குட்டியைக் கொஞ்சும்போதும் அதே குரல். மாரியம்மன் கோயிலில் பூசாரியிடம் பேர் நட்சத்திரம் சொல்லும்போதும் அதே குரல். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினார்களே, அப்போது ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் குடோன் மூடிக் கிடந்தது. வீடே சத்தமில்லாமல் இருந்தபோதும் அவர் சோறு கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும். கையில் காசில்லாத கடுப்பு என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தறி ஓடும்போது கத்துவது சத்தத்துக்காக. தறி நின்றபோதும் கத்தியது எதற்காக?

அன்று ராத்திரி குடோனுக்குப் போனேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டி, அறுந்த பாவு இழையைக் குனிந்து பிணைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தடவியதுபோல் இருந்தது, முடிச்சு விழுந்துவிட்டது. விழுந்த முடிச்சு கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா நின்றதும், நின்ற சத்தத்தைக் கேட்டுத் திரும்பவில்லை, தரையில் கால் வழியாக அதிர்வு மாறியதை உணர்ந்து திரும்பினார் என்று எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது. நான் அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி இருட்டில் நின்று, "அப்பா" என்றேன். சாதாரணமாகத்தான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. செல்போன் வெளிச்சத்தை அவர் கைமேல் அடித்த பிறகுதான், "ஏங்கண்ணு, எப்ப வந்த?" என்று கேட்டார், குடோன் சுவரெல்லாம் எதிரொலிக்கும்படி.

மூச்சை நீட்டி விட்டுப் பார்த்தேன். அழுகை அதற்குக் கேட்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போக மூன்று வாரம் ஆனது. தறியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் அவர் விரல் அசையவே இல்லை. முகத்தில் மட்டும், பரீட்சையில் தெரியாத கேள்வி வந்த பையனின் தவிப்பு. வரைபடத்தைக் காட்டி டாக்டர் சொன்னார்: கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக விழுகிறது, சத்தத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான். ச, ஸ, த மாதிரி மெல்லிய ஒலிகள் காதில் ஏறாது. பேசுவது கேட்கும், பேசியது என்ன என்று பிடிபடாது. தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால் உரக்கப் பேசுகிறார். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம். தறிக்குடோன்களில் சத்தம் அதைத் தாண்டுவது சாதாரணம். அப்பாவுக்கு 12 மணி நேர ஷிப்ட், முப்பத்தேழு வருடம். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். காதுக்குள் பஞ்சு வைத்தால் போதாது, அதற்கென்று இருக்கிற அடைப்பான் போட வேண்டும். கேட்கும் கருவிக்கு இன்னும் பணம் சேர்க்கிறேன். அடுத்து அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும், அவரும் அதே குடோனில்தான் தார் சுற்றுகிறார். தறி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் இருப்பவர்களை ஒரு தரம் கூட்டிப்போய்க் காதைப் பாருங்கள்.

வகுப்பில் கவலையை நான்காகப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிப் பார்த்தேன். காது போனது முதல் வகை. அடைப்பான் நான்காவது, அன்றே வாங்கினோம். வண்டிக்காரர் முன்னால் நான் பேசிய பேச்சை எந்த வகையில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். உதட்டைப் பார்த்தால் அவருக்குப் புரியும் என்பதால் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், "உங்க கிளாஸ்ல படம் வச்சிருக்கறாங்கள்ல, அந்தச் சாமி எந்த ஊரு?" என்றார். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூடுவாஞ்சேரிங்கப்பா. 1911-ல பொறந்தவரு. நெசவுக் குடும்பம்."

"கைத்தறியா, விசைத்தறியா?"

"கைத்தறிங்க."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே கருமத்தம்பட்டி வந்துவிட்டிருந்தது.

"அப்ப அவருக்குக் காது நல்லாக் கேட்டிருக்கும்" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.