மேட்டுத் தெருவில் வண்டி நின்றால் முக்கில் குப்பை சேரும்

மலை ஊர்களில் குப்பைக்கு நகராட்சியிடம் ஒரு மனு, வண்டிக்குப் போலீஸிடம் ஒரு மனு என்று தனித்தனியாகத்தான் எழுதுகிறோம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ குறுகலான ஒரு மேட்டுத் தெருவைக் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

தெரு முனையில் ஒரு கார் நிற்கிறது. குப்பை வண்டியால் உள்ளே திரும்ப முடியவில்லை. ஏற்றத்தில் பின்னால் எடுப்பது ஆபத்து என்பதால் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். சமதள ஊர் என்றால் தூய்மைப் பணியாளர் தள்ளுவண்டியோடு வீடு வீடாக வந்துவிடுவார். இங்கே படிக்கட்டும் செங்குத்து ஏற்றமும் அதற்கு விடாது. வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிறவர்கள் பையைக் கொண்டுவந்து முக்கில் உள்ள கரண்ட் கம்பத்தடியில் வைக்கிறார்கள். முதல் நாள் இரண்டு பை. அடுத்த வாரம், “அங்கதானே எல்லாரும் போடறாங்க” என்று தெருவே போடும்.

ராத்திரி காட்டுப்பன்றியோ கரடியோ வந்து கிழிக்கும். பகலில் குரங்கு. மிச்சத்தை மழை எடுத்துக்கொண்டு போகும். மழைநீர்க் கால்வாய்க்கு மேலேயே வண்டி நிற்பதால் அந்த இடத்தை மட்டும் யாரும் தூர்வாருவதில்லை. ரோட்டுக்கு அடியில் போகும் சிறுபாலக் குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் சிக்கி நிற்பது டயப்பராக இருக்கும். உள்ளே இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கனத்துவிடும். தண்ணீர் அதைத் தள்ள முடியாது. அதன்மேல் பாலித்தீன் தாள் படியும், தாளின்மேல் சில்வர் ஓக் இலை படியும், அதற்கு மேல் சேறு. ஒரு நல்ல மழைக்குக் குழாய் முழுசாக அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே தாண்டிப் பள்ளப்பக்க ஓரத்தில் இறங்கும். அந்த ஓரம் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண். கீழே தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டிருப்பார்கள். மேலிருந்து வீசிய குப்பை சுவரடியில் குவிந்து அந்தத் துளைகளையும் மூடியிருந்தால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, சுவர் வயிறு தள்ளும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி எப்படிச் சரிந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கு மழையும் சரிவில் எழும்பிய கட்டடங்களும் என்று பல காரணங்கள் உண்டு. தண்ணீருக்குப் போக வழி இருக்கிறதா என்பதுதான் நம் கையில் இருக்கும் காரணம். கொடைக்கானலிலும் இதே கதைதான்: ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏரிக்கரையில் போடுவதை அருவிக்கே அனுப்பி வைக்கிறோம்.

முதலில் வண்டி விஷயம். ஒரு கயிற்றில் பத்து அடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு தெருவை அளந்து பாருங்கள். ஒரு கார் கண்ணாடியோடு சேர்த்து ஆறேகால், ஆறரை அடி அகலம். அது நின்ற பிறகு மீதி பத்து அடி இருந்தால் குப்பை லாரி, 108 ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சிலிண்டர் வண்டி எல்லாம் போகும். பதினேழு அடிக்குக் குறைவான தெருவில் ஒரு பக்கம்கூட கார் நிறுத்த இடமில்லை என்று அர்த்தம். இதை ஒருமுறை எல்லாரும் கூடி அளந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். “நான் ஓரமாத்தானே விட்டிருக்கேன்” என்பவருக்குப் பதில் சொல்ல அந்தக் கயிறு போதும்.

வளைவில் கணக்கு வேறு. பஸ் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், முன்மூக்கு வெளிப்பக்கம் தள்ளும். அதனால் வளைவின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும், வளைவுக்கு முன்னும் பின்னும் ஒரு பஸ் நீளத்துக்காவது எதுவும் நிற்கக் கூடாது. காட்டெருமையைப் படம் எடுக்கக் கொண்டை ஊசி வளைவில் காரை ஓரங்கட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. மூடுபனியில் மேலேறி வரும் டிரைவருக்குத்தான் தெரியும்.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். மேடு பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். வண்டி உருண்டாலும் மலைப்பக்கச் சுவரிலோ திட்டிலோ முட்டி நிற்கும்படி சக்கரத்தை ஒடித்து வையுங்கள். சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ராத்திரி பனியில் இறங்கி வரும் பைக்காரருக்கு அந்தக் கல் கண்ணில் படாது. ஒரு சின்ன மரக்கட்டையில் கயிறு கட்டி டிக்கியில் வைத்துக்கொண்டால், எடுக்க மறக்க மாட்டீர்கள்.

வாசலில் வண்டி ஏற்றுவதற்காகக் கால்வாயின்மேல் கான்கிரீட் போட்டு நிரந்தரமாக மூடுவது இந்த மலையில் நாம் செய்யும் மிக மோசமான காரியங்களில் ஒன்று என்பேன். இரண்டு பேர் தூக்கக்கூடிய இரும்புக் கம்பிச் சட்டம் போடுங்கள். ஜூன் மழைக்கு முன்னால் ஒருமுறை, அக்டோபர் மழைக்கு முன்னால் ஒருமுறை தூக்கி வார வேண்டும்.

இனி அந்த முக்கு. “இங்கு குப்பை கொட்டாதீர்” என்ற பலகை, சாமி படம் போட்ட டைல்ஸ் எல்லாம் ஒரு வாரம் தாங்கும். யார், எந்த நேரத்தில், எதனால் அங்கே போடுகிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள்: வண்டி வருவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி கடை அடைக்கிறவர்கள், வழியில் நிறுத்திச் சாப்பிடும் வெளியூர்க்காரர்கள். முதல் வகைக்கு வண்டி வரும் நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டில் மூடியுள்ள வாளியில் வைத்துவிட்டுப் போக ஏற்பாடு வேண்டும். கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவதுதான் வழி. பேசியாகிவிட்டதென்றால் ஒரே நாளில் அந்த இடத்தை மண் தெரியும்வரை வாரி எடுத்து, சுண்ணாம்பு தெளித்து, கல் பதித்த திட்டோ பூந்தொட்டிகளோ வைத்து, விளக்குப் போடச் சொல்லுங்கள். அரைகுறையாக வாரினால் மிச்சமிருக்கும் ஒரு பையே மறுபடி ஆளைக் கூப்பிடும். அடுத்த மூன்று வாரம் போடுகிற அதே நேரத்தில் யாராவது அங்கே நிற்க வேண்டும். திட்டுவதற்கு இல்லை. “அக்கா, வண்டி இப்ப எட்டு மணிக்கு வருது, கையிலயே குடுத்துடலாம்” என்று சொல்வதற்கு.

திறந்த தொட்டி வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது கரடிக்கு விருந்து. வீட்டில் மக்கும் குப்பையை உரமாக்குகிறவர்கள் ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போடுங்கள். டீத்தூள் சக்கை நன்றாகச் சேரும். யூகலிப்டஸ் இலை வேண்டாம், சீக்கிரம் மக்காது. குளிரில் எல்லாமே சமவெளியைவிட மெதுவாகத்தான் மக்கும், அதனால் சின்னதாக நறுக்கிப் போடுங்கள். மூடிமேல் குரங்கு தூக்க முடியாத கனத்தில் கல். பலாச்சக்கை, மீன் கழிவு வாசலில் ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது. எரிப்பதும் வேண்டாம்: பனிக்காலத்தில் புகை மேலே போகாமல் பள்ளத்து வீடுகளிலேயே படுத்துக்கொள்ளும்.

ஏற்பாடு சரியாக இருந்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்பதற்குச் சாட்சி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைப் பார்த்து உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. அதே புத்தியைத் தங்கும் விடுதிகளும் கைக்கொள்ளலாம். வெளியூர் வண்டிகள் மலையேற வாங்கும் இ-பாஸ் அனுமதி, மலைக்கு எத்தனை வண்டி வரலாம் என்று எண்ணும். உங்கள் தெருவில் எங்கே நிற்கும் என்பதை எண்ணாது. அறை பதிவு செய்தவுடன் இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “எங்களிடம் ஒரு கார் நிறுத்த மட்டும் இடம் உண்டு. இரண்டாவது காரை இந்த இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள், நாங்கள் அழைத்து வருகிறோம். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குடிநீர் தருகிறோம். வழியில் சேரும் குப்பையை எங்களிடம் கொடுங்கள்.” வந்து இறங்கிய பிறகு சொன்னால் அது சண்டை.

அப்படியும் யாராவது வழியை மறித்து நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். காற்றில்லாத வண்டியைச் சரிவில் நகர்த்தவே முடியாது, தெரு இன்னும் அதிக நேரம் அடைபடும். கண்ணாடியில் ஒரு சீட்டு வையுங்கள்: “குப்பை வண்டி காலை 8 மணிக்கு வரும், அதற்குள் எடுத்து உதவுங்கள்.” மறுபடியும் நின்றால் எண் பலகையும் தெருவும் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துப் போக்குவரத்துப் போலீஸிடம் கொடுங்கள். தவறாக நிறுத்தியதற்கு முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய் அபராதம்.

மனு எழுதும் முன் ரோடு யாருடையது என்று பாருங்கள். மலைப்பாதை நெடுஞ்சாலைத் துறையுடையது, உள்தெரு நகராட்சி அல்லது பேரூராட்சியுடையது, கிராமம் என்றால் ஊராட்சி. சிறுபாலம் அடைத்ததற்கு நகராட்சியிடம் கொடுத்த மனு, அது நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் மேசையிலேயே கிடக்கும். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குப்பை வண்டியின் நேரம், நிறுத்தக் கூடாத இடங்களின் பட்டியல், அடைத்திருக்கும் சிறுபாலங்களின் படம் மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். மே 1 கூட்டத்தில் வைத்துவிட்டால் தென்மேற்குப் பருவமழைக்கு முன் தூர்வார ஒரு மாதம் கிடைக்கும்.