கழற்றிய பிரேக் பேட்டைத் தூக்கி எறிவதற்கு முன்

லாரி, பஸ், டிரெய்லர் என்று கனரக வண்டிகளைப் பராமரிக்கும் வேலையில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, எந்தக் கம்பெனி பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) நல்லது என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்வதில்லை. வண்டியிலிருந்து கழற்றிய பழைய பேட் எங்கே என்று கேட்பேன். பெரும்பாலும் அது குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். அடுத்து எதை வாங்குவது என்பதற்கான பாதிப் பதிலும் அதோடு போய்விடும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கழற்றும் ஒவ்வொரு பேட்டின் முதுகிலும் எந்த அச்சு, இடதா வலதா, உள்பக்கமா வெளிப்பக்கமா என்று சாக்பீஸால் எழுதி மேஜையில் வரிசையாக வைப்போம். அப்புறம்தான் புதியதைப் பற்றிய பேச்சு.

ஒரு முறை டிரெய்லரை இழுக்கும் ஒரு டிராக்டர் வண்டிக்குச் சீட்டு வந்தது: ‘இந்த பேட் வேண்டாம், சீக்கிரம் தேய்கிறது, வேறு கம்பெனி போடவும்.’ பழைய பேட்களை மேஜையில் வைத்துப் பார்த்தோம். பின் அச்சின் வலது சக்கரத்தில் இரண்டு பேட்களிலும் லைனிங் (பேட்டில் உராய்ந்து தேயும் பகுதி) ஏறக்குறைய 9 மி.மீ. இருந்தது. இடது சக்கரத்தில் வெளிப்பக்க பேட்டில் 13 மி.மீ., உள்பக்க பேட்டில் வெறும் 3. மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, “அண்ணே, அந்த இடது கேலிப்பரைக் கையால தள்ளிப் பாருங்க” என்றேன். இரண்டு கையும் போட்டுத் தள்ளினார். “அசையவே மாட்டேங்குது சார்” என்றார். கேலிப்பர் என்பது பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி; கைட் பின் என்ற கம்பியின் மேல் அது நகர வேண்டும். அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புத் துருக்குழம்பு இருந்தது. கேலிப்பர் நகர முடியாததால் உள்பக்க பேட் மட்டும் வேலை செய்து தேய்ந்திருக்கிறது. உலகத்திலேயே உயர்ந்த பேட்டை வாங்கிப் போட்டிருந்தாலும் அந்தச் சக்கரத்தில் அது அப்படித்தான் தேய்ந்திருக்கும்.

இப்படி ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்து ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால், கைட் பின்னோ புஷ்ஷோ ஆட்டம் கண்டிருக்கும், அல்லது பேட் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கும். மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்தால் அந்த பேட்டுக்குப் போதுமான வேலை கிடைக்கவில்லை, அல்லது ஒரே நேரத்தில் தாங்க முடியாத சூடு கிடைத்திருக்கிறது. ஓரங்கள் பொரிந்து உதிர்ந்து, பக்கங்கள் வெளுத்திருந்தால் அதிக வெப்பம். லைனிங்குக்கும் அதைத் தாங்கும் பின்தகட்டுக்கும் நடுவே துரு புகுந்து லைனிங்கை மேலே தூக்கியிருந்தால், அங்கேதான் பேட்டின் தரத்தைச் சந்தேகப்பட வேண்டும். லைனிங்கை வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்களா, தகட்டில் துளைகள், கொக்கிகள், கம்பி வலை என்று ஏதாவது பிடிமானம் கொடுத்திருக்கிறார்களா என்று அப்போது பார்ப்பேன். எண்ணெயோ கிரீஸோ ஊறிய பேட்டைக் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கூடவே கூடாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் எடை. 40 டன் வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 10 மெகாஜூல். அதே வேகத்தில் ஒன்றரை டன் காரிடம் இருப்பது 0.4 மெகாஜூலுக்கும் குறைவு. அந்த 10 மெகாஜூல் 33 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும். பிரேக் போட்டு நிறுத்தும் சில நொடிகளில் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேட்டிலும் வெப்பமாக இறங்குகிறது. இது ஒரு முறை நிற்பதற்கு. 6 சதவீதச் சரிவில் அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் சீராக இறங்கினால், ஏறக்குறைய 200 கிலோவாட் சக்தியை இறக்கம் முடியும்வரை ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் பிரேக்கும் ரிடார்டரும் (பேட்டைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவி) எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் பேட்டின் தலையில்தான்.

லைனிங்கில் இருக்கும் நார்கள், உலோகத் தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஃபீனாலிக் பிசின். அளவுக்கு மேல் சூடேறினால் அந்தப் பிசின் சிதைந்து வாயு விடும். பிடிப்பு குறையும். இதைத்தான் ஃபேட் என்கிறோம். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் வண்டியில் இது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் டிரைவரின் காலுக்கு அது தெரியாது. காரில் பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் பொசுக்கென்று உள்ளே போகும், கால் எச்சரிக்கும். இங்கே பெடல் எப்போதும் போலவே இருக்கும். ஒரு டிரைவர் என்னிடம் சொன்னது: “மிதி அதே மிதிதான் சார், வண்டிதான் கேட்கல.” இந்த ஒரு வரியில் எனக்குக் கிடைத்த தகவல் எந்தக் கேட்லாகிலும் கிடைக்காது. குளிர்ந்த நிலையில் பிடிப்பும் சூட்டில் பிடிப்பும் அந்த பேட்டில் வெகுவாக வேறுபடுகின்றன என்று அதற்கு அர்த்தம்.

இனி எண்கள். ஐரோப்பிய வகை பேட்களில் டபிள்யூ.வி.ஏ. எண் என்று ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். இது பேட்டின் வடிவத்தையும் அளவையும் சொல்வது. கேலிப்பருக்குள் பொருந்துமா என்பதற்கு அது போதும். வண்டியை நிறுத்துமா என்பதற்குப் போதாது. ஒரே டபிள்யூ.வி.ஏ. எண்ணில் பத்துப் பேர் பத்து விதக் கலவையில் பேட் செய்யலாம். ‘நம்பர் ஒத்துப்போகுது, வாங்கிடலாம்’ என்று பர்ச்சேஸ் பிரிவில் சொல்லும்போது நான் இதைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது.

நான் முதலில் தேடுவது ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 90-இன் ஒப்புதல் முத்திரை. வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன். அது ஒப்புதல் கொடுத்த நாடு, தயாரித்த நாடு அல்ல. மாற்று பேட்டின் பிடிப்பு அசல் பேட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதியின் சாரம். முத்திரை அட்டைப்பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. பேட்டின் மேலேயே இருக்க வேண்டும்.

அமெரிக்க முறையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ‘இ’ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. எனவே ‘ஜிஇ’ என்ற பேட் ஆரம்பத்தில் கெட்டியாகப் பிடித்துவிட்டுச் சூட்டில் தளர்ந்துவிடும். ‘எஃப்எஃப்’ அவ்வளவு கடிக்காது, ஆனால் நிலையாக இருக்கும். மலை இறங்கும் வண்டிக்கு நான் எதை எடுப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த எழுத்துகளையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அங்குலச் சதுரத் துண்டை வெட்டிச் சோதனை இயந்திரத்தில் தேய்த்து எடுக்கும் அளவு அது. உங்கள் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை அது சொல்லாது.

வண்டி என்ன வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நகரப் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கிறது. டிஸ்க் ஆறுவதற்கே நேரம் கிடைப்பதில்லை. நெடுஞ்சாலை லாரி மணிக்கணக்காக பிரேக்கைத் தொடாமல் ஓடிவிட்டுத் திடீரென்று ஒரு முறை முழு வேகத்திலிருந்து நிற்க வேண்டும். குளிர்ந்த பேட் அந்த நொடியிலேயே பிடிக்க வேண்டும். குவாரி டிப்பரில் கல்தூளே பேட்டையும் டிஸ்க்கையும் அரைக்கிறது. நல்ல ரிடார்டர் உள்ள வண்டியில் பேட்டுக்கு வேலையே இல்லாமல் பளபளப்பு ஏறி, தேவைப்படும் நேரத்தில் வழுக்குகிறது. இத்தனைக்கும் ஒரே பேட்டை மொத்தமாக வாங்கி ஸ்டோரில் அடுக்குவது கணக்குப் புத்தகத்துக்கு வசதி, வண்டிக்கு வசதி இல்லை.

ரொம்ப நாள் உழைக்கும் பேட் என்று சிலர் தேடுவார்கள். கடினமான பேட் நாள்பட உழைக்கும்தான், ஆனால் சில கலவைகள் அந்த உழைப்பை டிஸ்க்கிடமிருந்து எடுக்கும். கனரக வண்டிகளில் பரவலாக இருக்கும் டிஸ்க் புதிதில் 45 மி.மீ. தடிமன், 37-க்கு வந்தால் கழித்துக்கட்ட வேண்டும். பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கையும் அளந்து எழுதினால்தான், இந்த பேட் எதைத் தின்று வாழ்கிறது என்று தெரியும்.

ஒரு அச்சில் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், அதுவும் ஒரே கலவையில். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள சமநிலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டிராக்டரில் பிடிப்புக் குறைந்த பேட் போட்டால், அது செய்யாத வேலையை டிரெய்லர் செய்கிறது. டிரெய்லர் பேட் சூடேறிச் சீக்கிரம் தேய்கிறது. டிரெய்லர் வேறு ஒருவருடையது என்றால் அவர் தன் பேட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் இன்னும் வர வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தடை செய்த பொருள் அது; எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. எந்த பேட்டாக இருந்தாலும் பிரேக் தூசியை ஏர் கன் வைத்து ஊதக் கூடாது. ஈரத்துணி, அல்லது அதற்கென்று உள்ள வாக்குவம். என் ஆட்களின் நுரையீரல் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

புதிய பேட் போட்ட வண்டியை உடனே முழு லோடோடு அனுப்புவதும் இதே மாதிரிதான். பேட்டும் டிஸ்க்கும் முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்ள, மிதமான வேகத்தில் பல முறை நிதானமாக நிறுத்தி, நடுவில் ஆற விட்டு ஓட்ட வேண்டும். புதிய லைனிங்கின் பிசின் முதல் பெரிய சூட்டில் வாயு விடக்கூடும். அந்த முதல் சூடு மலைச்சரிவில் வரக் கூடாது. டிரைவரிடம் முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடச் சொல்லி அனுப்புகிறேன். மலைப்பாதை லோடு வந்தால் அதை வேறு வண்டிக்கு மாற்றச் சொல்கிறேன். லோடு ஏற்றும் பிரிவில் அவசரம் என்று கெஞ்சினாலும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.